குறுந்தொகைப் பாட்டை நீங்களே வாசிப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

எனக்குச் சங்கப் பாட்டு முதலில் அறிமுகமானது பொழிப்புரையாகத்தான். பள்ளிப் பாடநூலில் பாட்டு ஐந்து வரி, அதன் கீழே விளக்கம் அரைப் பக்கம். தேர்வில் கேட்பது அந்த விளக்கத்தை. பாட்டை ஒருமுறைகூட வாய்விட்டுப் படிக்காமல் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்; இன்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. வெகுகாலம் கழித்து ஒரு மழைநாளில், பஸ்ஸில், உரைப் பகுதியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு குறுந்தொகையில் ஒரு பாட்டைப் படித்தேன். நான்கு சொற்களுக்குப் பொருள் தெரியவில்லை. ஆனால் யாரோ ஒரு பெண் தன் தோழியிடம் தணிந்த குரலில் பேசுவது காதில் விழுந்தது. அத்தனை வருடம் படித்த பொழிப்புரை அந்தக் குரலை ஒருநாளும் எனக்குக் கேட்க விட்டதில்லை.

அந்தக் குரலைக் கேட்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். காதல் கவிதை என்றால் மனத்தில் இருப்பதைக் கொட்டிவிடுவது என்று நாம் பழகியிருக்கிறோம். சங்கத்து அகப்பாட்டில் பேசுகிறவர் பெரும்பாலும் தன் உணர்ச்சியின் பெயரைச் சொல்வதே இல்லை. கொக்கைக் காட்டுவார், பலாப்பழத்தைக் காட்டுவார், பட்டை உரிந்த மரத்தைக் காட்டுவார். சொல்ல வேண்டியதை அவை சொல்லிவிடும். அந்த மொழியைக் கேட்கப் பழகுவதற்குத் தமிழில் பட்டம் வேண்டியதில்லை. ஒரு நல்ல பதிப்பு, ஒரு பென்சில், பாட்டுக்கு அரை மணி நேரம் போதும்.

முதல் படி: எங்கே தொடங்குவது

எட்டுத்தொகையில் அகத்தைப் பாடும் நூல்கள் ஐந்து: ஐங்குறுநூறு, குறுந்தொகை, நற்றிணை, கலித்தொகை, அகநானூறு. அகநானூற்றில் தொடங்காதீர்கள். அதில் ஒரு பாட்டு 13 அடி முதல் 31 அடி வரை போகும். பல பாட்டுகளில் ஒரே வாக்கியம் முதலடியிலிருந்து கடைசி அடி வரை நீளும். பழகாத வாசகருக்கு மூச்சு வாங்கிவிடும். ஐங்குறுநூறு 3 முதல் 6 அடிதான், ஆனால் பத்துப் பத்தாகத் தொடுத்தவை. ஒன்றைத் தனியே உருவி எடுத்தால் சுவை குறைகிறது. குறுந்தொகைதான் சரியான வாசல். கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாட்டுகள், 4 முதல் 8 அடி வரை. இரண்டு பாட்டுகள் மட்டும் 9 அடி.

இதை முதலில் அச்சிட்டவர் திருக்கண்ணபுரத்துச் சௌரிப்பெருமாள் அரங்கனார், 1915-இல். உ.வே.சாமிநாதையர் தம் உரையோடு வெளியிட்டது 1937-இல். இன்றும் வீட்டில் ஒரே ஒரு பதிப்பு வைத்துக்கொள்ள முடியும் என்றால் ஐயர் பதிப்பைத்தான் சொல்வேன். பழைய உரை என்று பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் எழுதியது நமக்குக் கிடைக்கவில்லை. மூலத்தை மட்டும் பார்க்க வேண்டுமானால் மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

ஒரு பாட்டைத் தேர்ந்தெடுங்கள். உரையைத் தாளால் மூடுங்கள். கீழே சிறிய எழுத்தில் இருக்கும் துறைக் குறிப்பையும் (யார், யாரிடம், எந்தச் சூழலில் பேசுகிறார் என்று சொல்லும் வரி) சேர்த்தே மூடுங்கள்.

இரண்டாம் படி: வாய்விட்டுப் படித்து, சொல்லைப் பிரித்தல்

பழைய பதிப்புகளில் ‘அன்புடை நெஞ்சந் தாங்கலந் தனவே’ என்று இருப்பதைப் பார்த்து மிரள்கிறவர்கள் பலர். சொல்லின் நடுவே இடைவெளி விழுந்திருப்பது சீர் பிரிப்பு, தாளத்துக்காகச் செய்தது. பொருளுக்காகப் பிரித்தால் ‘அன்புடை நெஞ்சம் தாம் கலந்தனவே’. இதில் இன்று புரியாத சொல் ஒன்றுகூட இல்லை.

ஆகவே முதல் தடவை அச்சில் உள்ளபடியே, தாளத்தோடு, உரக்கப் படியுங்கள். இரண்டாம் தடவை பென்சிலால் கோடிட்டுச் சொற்களைப் பிரியுங்கள். தவறாகப் பிரித்தால் பாட்டு தானே இடறும். அந்த இடறலும் பயனுள்ளதுதான். வெள்ளிவீதியார் பாட்டு ஒன்றில் (58) ‘கையில் ஊமன் கண்ணில் காக்கும் வெண்ணெய் உணங்கல்’ என்று வருகிறது. ‘கையில்’ என்றதும் நம் கண் அதை ‘கைக்குள்’ என்று படித்துவிடும். நான் அப்படித்தான் படித்து வெகுநேரம் குழம்பினேன். அது ‘கை இல் ஊமன்’, கையில்லாத ஊமை. வெயில் காயும் பாறைமேல் வெண்ணெய் உருகி ஓடுகிறது. காவலுக்கு இருப்பவனுக்கு அள்ளி எடுக்கக் கை இல்லை, யாரையாவது கூப்பிட வாயும் இல்லை. கண் மட்டும் இருக்கிறது, பார்த்துக்கொண்டே இருக்கிறான். காதல் நோய் தன்மேல் பரவுவதைத் தலைவன் பாங்கனிடம், அதாவது தன் தோழனிடம், இப்படிச் சொல்கிறான். ஒரு சொல்லைச் சரியாகப் பிரித்ததும் அந்த மனிதன் முழுதாகக் கண்முன் வந்து உட்கார்ந்துவிடுகிறான்.

மூன்றாம் படி: வாக்கியத்தின் வாலைப் பிடித்தல்

தமிழ் வாக்கியத்தின் உயிர் கடைசியில் இருக்கும். பாட்டு புரியவில்லை என்றால் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி வாருங்கள். தேவகுலத்தார் பாடிய மூன்றாம் பாட்டு:

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆர் அளவின்றே சாரல்
கருங்கோல் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே.

நிலத்தைவிடப் பெரியது, வானைவிட உயர்ந்தது, கடலைவிட ஆழம் காண முடியாதது. எது? பாட்டு உடனே சொல்லாமல் நம்மை மலைச்சாரலுக்கு அழைத்துப்போகிறது. கரிய தண்டில் குறிஞ்சி பூத்திருக்கிறது, தேனீ அதிலிருந்து பெருந்தேன் சேர்க்கிறது, அப்படிப்பட்ட நாட்டுக்காரன். கடைசிச் சொல்லாக ‘நட்பே’. மண்ணையும் விண்ணையும் கடலையும் அளந்துவிட்டு, அந்த அளவை எல்லாம் ஒரு தேனீயின் வேலைக்குள் கொண்டுவந்து அடைக்கிறாள். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. 2006-இலும் 2018-இலும் மூணாறு மலைகளில் பூத்தபோது போய்ப் பார்த்தவர்களுக்கு, அந்தப் பூவிலிருந்து தேன் ‘இழைப்பது’ எவ்வளவு அரிது, எவ்வளவு பொறுமையான வேலை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நான்காம் படி: யார் பேசுகிறார், யாரிடம்?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள். அகப்பாட்டில் கவிஞர் தம் குரலில் பேசுவதில்லை. தலைவி, தலைவன், தோழி, செவிலி (வளர்ப்புத் தாய்), பாங்கன், பரத்தை, வழியில் கண்டவர்கள் என்று யாராவது ஒருவர், ஒரு குறிப்பிட்ட நேரத்தில், ஒரு குறிப்பிட்ட ஆளிடம் பேசுகிறார். அவர்களுக்குப் பெயர் கிடையாது. அகத்திணையில் எவரையும் பெயர் சுட்டிச் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியம் விதித்திருக்கிறது. மேலே பார்த்த வெண்ணெய்ப் பாட்டைப் பாடியவர் ஒரு பெண், பேசுகிறவன் ஆண். பாடியவரின் வாழ்க்கையைப் பாட்டுக்குள் தேடுவது ஆபத்து என்பதற்கு இதுவே போதும்.

யார் யாரிடம் என்ற கேள்வி ஒரு பாட்டை எப்படிப் புரட்டிப்போடும் என்பதற்கு, எல்லோருக்கும் தெரிந்த நாற்பதாம் பாட்டையே பாருங்கள்:

யாயும் ஞாயும் யார் ஆகியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி அறிதும்
செம்புலப் பெயல் நீர் போல
அன்புடை நெஞ்சம் தாம் கலந்தனவே.

திருமண அழைப்பிதழ்களில் இதைப் பார்க்கிறோம். கொண்டாட்டப் பாட்டு என்றே நினைக்கிறோம். ஆனால் துறைக் குறிப்பு வேறு ஒன்றைச் சொல்கிறது: முதல் கூடலுக்குப் பிறகு, இவன் நம்மை விட்டுப் போய்விடுவானோ என்று தலைவி அஞ்சுகிறாள். அந்த அச்சத்தை அவள் முகக்குறிப்பில் கண்டு தலைவன் சொல்வது இது.

இப்போது மீண்டும் படியுங்கள். முதல் மூன்று அடிகளும் கேள்விகள். என் தாயும் உன் தாயும் யாரோ, என் தந்தையும் உன் தந்தையும் எந்த வகையில் உறவு, நானும் நீயும் எப்படி ஒருவரை ஒருவர் அறிந்தோம்? அவள் மனத்தில் ஓடும் கேள்விகள் இவை. ‘பயப்படாதே’ என்று அவன் சொல்லவில்லை. அவளுடைய பயத்தை அவளுக்கு முன்னால் தானே எடுத்துச் சொல்கிறான். தாய், தந்தை, பிறகு நாம் இருவர் என்று வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே வருகிறான். எந்தக் கேள்விக்கும் பதில் தரவில்லை, உறவு இருப்பதாகப் பொய் சொல்லவும் இல்லை. நான்காம் அடியில் மழை பெய்துவிடுகிறது.

‘கலந்தனவே’ என்பது இறந்தகாலம். இனிக் கலக்கும் என்றால் அது வாக்குறுதி, வாக்குறுதி தவறலாம். நடந்து முடிந்ததை யாரும் மாற்ற முடியாது. ‘தாம்’ என்பதையும் விட்டுவிடாதீர்கள்: நெஞ்சங்கள் தாமாகவே கலந்தன. செம்மண் தரையில் முதல் மழை விழும்போது ஒருமுறை குனிந்து பாருங்கள். சொட்டு விழுந்த இடத்தில் மண் சிறிது எழும்பி, அடுத்த கணமே நீர் சிவந்துவிடும். நிறமில்லாத நீர் எது, சிவந்த நீர் எது என்று கோடு கிழிக்க முடியாது. பயந்து நிற்கும் பெண்ணுக்கு அவன் காட்டுவது அந்த ஒரு கணத்தை. இதைப் பாடியவரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. அவருடைய உவமையையே பெயராக்கிச் செம்புலப் பெயனீரார் என்று அழைக்கிறோம். குறுந்தொகையில் இப்படித் தம் சொல்லாலேயே பெயர் பெற்றவர்கள் பலர்: அணிலாடு முன்றிலார், விட்ட குதிரையார், மீனெறி தூண்டிலார், குப்பைக் கோழியார்.

துறைக் குறிப்புகளைப் பாடியவர்களே எழுதவில்லை, பின்வந்தவர்கள் சேர்த்தார்கள் என்பதே பொதுவான கருத்து. அதனால்தான் முதலில் மூடிவைக்கச் சொன்னேன். யார் பேசுகிறார் என்று நீங்களே ஊகித்துவிட்டுப் பிறகு திறந்து பாருங்கள். அந்தக் குறிப்பை, உங்களுக்கு முன்னால் இந்தப் பாட்டைப் படித்த ஒரு நல்ல வாசகரின் கருத்தாக மதியுங்கள்.

ஐந்தாம் படி: நிலமும் பொழுதும்

பாடத்தில் படித்த ஐந்திணைப் பட்டியல் நினைவிருக்கும். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலையும் நள்ளிரவும் கூடலுக்கு, அது குறிஞ்சி. காடும் கார்கால மாலையும் காத்திருத்தலுக்கு, முல்லை. வயலும் விடியலும் ஊடலுக்கு, மருதம். கடற்கரையும் கதிர் சாயும் நேரமும் இரங்கலுக்கு, நெய்தல். வறண்ட வழியும் நண்பகலும் பிரிவுக்கு, பாலை. நிலமும் பொழுதும் முதற்பொருள். பூ, பறவை, விலங்கு, மரம், தொழில் எல்லாம் கருப்பொருள். கூடல், பிரிவு போன்ற மனநிலை உரிப்பொருள்.

இதை ஒரு பூட்டுச் சாவிப் பட்டியல் போல் பயன்படுத்தினால் பாட்டு செத்துவிடும். பதுமனாரின் ஆறாம் பாட்டில் கடலும் இல்லை, உப்பும் இல்லை, நாரையும் இல்லை. நள்ளென்ற இரவு, உறங்கும் உலகம், உறங்காத ஒருத்தி, அவ்வளவுதான். ஆனாலும் அது நெய்தல் திணை, ஏனென்றால் அவள் மனம் இரங்குகிறது. நிலத்தைவிட உணர்ச்சிக்கே முதலிடம்.

பொழுது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கக் கோவர்த்தனார் பாட்டைப் (66) படியுங்கள்:

மடவ மன்ற தடவுநிலைக் கொன்றை
கல் பிறங்கு அத்தம் சென்றோர் கூறிய
பருவம் வாரா அளவை நெரிதரக்
கொம்பு சேர் கொடி இணர் ஊழ்த்த
வம்ப மாரியைக் கார் என மதித்தே.

கார்காலம் வரும்போது வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை. மழை பெய்துவிட்டது. கொன்றை கொத்துக் கொத்தாகப் பூத்துவிட்டது. தலைவி உடைந்துபோகிறாள். தோழி சொல்கிறாள்: இந்தக் கொன்றை மரங்களுக்கு அறிவே இல்லை. காலம் தப்பிப் பெய்த மழையைக் கார் என்று நினைத்து அவசரப்பட்டுப் பூத்துவிட்டன.

கொன்றைக்குக் காலம் தெரியும். தோழிக்கும் தெரியும், தலைவிக்கும் தெரியும். தெரிந்தே தோழி மரத்தின்மேல் பழி போடுகிறாள். அவன் சொல் தவறினான் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. மரம் பூத்ததுதான் இந்தப் பாட்டில் செய்தி, சாட்சி, குற்றச்சாட்டு எல்லாம். பூவை அலங்காரமாக நினைத்துத் தாண்டிப் போனால் இங்கே எதுவுமே மிஞ்சாது.

ஆறாம் படி: பொருளின் அருகில் போதல்

ஒரு பாட்டில் வரும் உயிரினத்தையோ மரத்தையோ அகராதியில் பார்த்து ‘ஒரு வகைப் பறவை’ என்று எழுதிக்கொண்டு நகர்ந்துவிடுவது நம் பழக்கம். அங்கேதான் இழப்பு. முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள். முடியாவிட்டால் நல்ல புகைப்படமாவது பாருங்கள். கபிலரின் 25-ஆம் பாட்டு:

யாரும் இல்லை தானே கள்வன்
தான் அது பொய்ப்பின் யான் எவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறு பசுங்கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டு தான் மணந்த ஞான்றே.

அவன் என்னோடு கூடிய அன்று யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான் இருந்தான். அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு ஒரு குருகும் இருந்தது. இவ்வளவுதான் சொல்கிறாள்.

வயல் வாய்க்காலில் இரை தேடும் குருகைக் கவனித்திருக்கிறீர்களா? கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, கல்லில் செதுக்கியதுபோல் நிற்கும். நீங்கள் பத்தடி தூரத்தில் நின்றாலும் அதன் கண் நீரைவிட்டு நகராது. ஆரலோ பாம்புபோல் நெளிந்து சேற்றுக்குள் நழுவும் மீன். ஓடும் நீரில் அதைப் பிடிக்க வேண்டுமானால் குருகுக்கு வேறு நினைப்பே இருக்க முடியாது. அதாவது, அவளுக்கு இருக்கும் ஒரே சாட்சி அன்று அவளைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தாலும் அதற்குப் பேசத் தெரியாது. ‘குருகும் உண்டு’ என்று சொல்லும்போதே அது உதவாது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சொல்கிறாள், சொல்ல வேறு யாரும் இல்லை.

இன்னொன்று. ஐந்தடிப் பாட்டில் ஒரு முழு அடியைக் குருகின் காலுக்குக் கொடுத்திருக்கிறாள். தினையின் தாள் போன்ற மெல்லிய பசிய கால். அதன் அலகை அவள் சொல்லவில்லை, சிறகைச் சொல்லவில்லை. ஏன் கால்? அந்த நேரத்தில் அவள் தலை குனிந்திருந்தாள் என்று நான் படிக்கிறேன். நாணத்தில் தாழ்ந்த கண்ணுக்கு நீரும் கரையும் பறவையின் காலும்தான் தெரிந்தன. உரைகளில் இதைத் தேடாதீர்கள், இது என் வாசிப்பு. ஆனால் அருகில் போய்ப் பார்க்கிறவர்களுக்கு இப்படி ஒன்றாவது கிடைக்கும்.

அதே கபிலரின் 18-ஆம் பாட்டில் பலா வருகிறது. இரவில் வந்து திரும்பும் தலைவனை வழிமறித்து, திருமணத்துக்கு வழி செய் என்று தோழி கேட்கிறாள்:

வேரல் வேலி வேர்க்கோள் பலவின்
சாரல் நாட செவ்வியை ஆகுமதி
யார் அஃது அறிந்திசினோரே சாரல்
சிறுகோட்டுப் பெரும்பழம் தூங்கியாங்கு இவள்
உயிர் தவச் சிறிது காமமோ பெரிதே.

உறவினர் தோப்பு ஒன்றில், கட்டைவிரல் தடிப்புள்ள கிளையில் ஒரு பலா காய்த்திருந்ததைப் பார்த்தேன். கிளை வளைந்து கிட்டத்தட்ட ஒடியும் நிலை. தோப்புக்காரர் சாக்கில் பழத்தை ஏந்தி, மேற்கிளையில் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். பழம் பழுக்கப் பழுக்கக் கனம் கூடும். கிளைக்கு அந்த வேகத்தில் வலுக் கூடாது. ‘உயிர் மிகச் சிறியது, காதலோ பெரியது’ என்பதற்கு அந்தக் கயிற்றைப் பார்த்த அன்றுதான் எனக்கு முழுப் பொருள் விளங்கியது. தோழி ஒருவிதத்தில் கயிறு கட்டச் சொல்கிறாள். இனி முதல் அடிக்குத் திரும்புங்கள். அவன் நாட்டில் பலா வேரிலேயே காய்க்கிறது, சுற்றிலும் மூங்கில் வேலி. விழ இடமே இல்லை. அவன் ஊர்ப் பழத்துக்கு மண்ணே தாங்கல். இவளுக்கு ஒரு சிறு கிளை. அவனுக்கு அவசரம் ஏன் இல்லை என்று அவனை ‘நாட’ என்று விளித்த அடியிலேயே சொல்லி முடித்துவிட்டாள்.

ஏழாம் படி: சொல்லாமல் விட்டதைக் கேட்டல்

இதற்கு இலக்கணத்தில் இரண்டு பெயர்கள் உண்டு: உள்ளுறை, இறைச்சி. உள்ளுறையில் இயற்கைக் காட்சியின் ஒவ்வொரு பகுதியும் கதையின் ஒரு பகுதிக்குப் பொருந்தும். ‘போல’ என்ற சொல் மட்டும் இருக்காது. ஆலங்குடி வங்கனார் பாட்டில் (8) பரத்தை பேசுகிறாள். ‘வயலோரத்து மாமரத்தில் பழுத்துத் தானே விழும் கனியைப் பொய்கை வாளைமீன் கவ்வும் ஊரன்’ என்கிறாள். வாளை மரம் ஏறவில்லை, கல்லெறியவில்லை. பழம் விழுந்தது, வாயைத் திறந்தது, அவ்வளவுதான். நான் அவனை மயக்கினேன் என்று அவன் மனைவி பேசுகிறாளாமே, அவனாக வந்து விழுந்தான் என்பதை ஊரின் அழகைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டாள். பிறகு வெளிப்படையாகவே ஒரு உவமை: எங்கள் வீட்டில் பெரிய பேச்சுப் பேசிவிட்டு, தன் வீட்டில், கண்ணாடியில் தெரியும் பாவை நாம் கையைத் தூக்கினால் கையையும் காலைத் தூக்கினால் காலையும் தூக்குவதுபோல், தன் மகனின் தாய்க்கு வேண்டியதைச் செய்கிறான். ‘மனைவி’ என்ற சொல்லை அவள் உச்சரிக்கவில்லை. ‘தன் புதல்வன் தாய்’. அந்தச் சொல்தேர்வில் இருக்கும் வலியையும் ஏளனத்தையும் இரண்டையும் கேளுங்கள்.

இறைச்சி இன்னும் மென்மையானது. காட்சி கதையோடு பகுதிக்குப் பகுதி பொருந்தாது, ஒரு குறிப்பை மட்டும் உணர்த்தும். பாலை பாடிய பெருங்கடுங்கோவின் பாட்டில் (37), பிரிந்து போனவன் நடக்கும் வழியில் ஆண்யானை தன் பிடியின் பசி தீர்க்க யாமரத்தின் பட்டையை உரிக்கும் என்கிறாள் தோழி. அவன் அதைப் பார்ப்பான், உன்னை நினைப்பான், திரும்பி வருவான். பாட்டில் இந்த மூன்றும் இல்லை. ‘அன்பின தோழி அவர் சென்ற ஆறே’ என்று, அந்த வழியே அன்புடையது என்று முடிந்துவிடுகிறது.

பழகும்வரை ஒரு எளிய முறை: பாட்டில் வரும் இயற்கைக் காட்சியை எடுத்துவிட்டு மீதியை எழுதிப் பாருங்கள். அப்போது எது குறைகிறதோ அதுதான் சொல்லாமல் சொன்னது.

எட்டாம் படி: சிறு சொற்களில் உணர்ச்சி

‘மன்ற’, ‘கொல்’, ‘மன்’, ‘தில்’, ஈற்று ஏகாரம், இவற்றை அசை என்றோ இடைச்சொல் என்றோ சொல்லித் தள்ளிவிடுவோம். குரலின் நடுக்கம் அங்கேதான் இருக்கிறது. ஔவையாரின் தலைவி (28) ‘முட்டுவேன்கொல், தாக்குவேன்கொல்’ என்று தொடங்கி ‘ஆஅ ஒல் எனக் கூவுவேன்கொல்’ என்று போகிறாள். மூன்று ‘கொல்’லும் மூன்று படி. என்ன செய்வது என்றே தெரியாமல் தவிக்கும் குரல். ‘ஆஅ’ என்ற அளபெடையைக் கண்ணால் படிக்காமல் வாயால் நீட்டிப் பாருங்கள். அது எழுத்தாக இராது, ஓலமாகும். அவளைச் சுற்றி அசைகாற்று வீசுகிறது, ஊர் அவள் நோய் அறியாமல் உறங்குகிறது. ஆறாம் பாட்டில் ‘ஓர் யான் மன்ற துஞ்சாதேனே’ என்பதில் ‘மன்ற’வை எடுத்துவிட்டுச் சொல்லுங்கள், பிறகு சேர்த்துச் சொல்லுங்கள். வேறுபாடு உங்கள் காதுக்கே தெரியும்.

மகிழ்ச்சி இதைவிடவும் தணிந்த குரலில் வரும். கூடலூர் கிழார் பாட்டில் (167), மகளின் புது வீட்டுக்குப் போய்வந்த செவிலி நற்றாயிடம் (பெற்ற தாயிடம்) சொல்கிறாள்: கட்டித் தயிரைப் பிசைந்த விரலைக் கழுவாமலே, நழுவிய ஆடையை அதே கையால் உடுத்திக்கொண்டாள், தாளிப்புப் புகை கண்ணில் பட்டது, தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் ‘இனிது’ என்று உண்டான், ‘நுண்ணிதின் மகிழ்ந்தன்று ஒண்ணுதல் முகனே’. மகிழ்ந்தது முகம், அதுவும் நுண்ணிதாக. வளர்த்தவள் கண்ணுக்கு மட்டும் தெரியும் அளவு.

ஒன்பதாம் படி: இப்போது உரையைத் திறவுங்கள்

உங்கள் வாசிப்பை நான்கு வரியில் எழுதி வைத்த பிறகே திறக்க வேண்டும். ஐயர் பதிப்பில் பதவுரையோடு ‘முடிபு’ என்ற பகுதி இருக்கும். எந்தச் சொல் எந்தச் சொல்லோடு முடிகிறது என்ற எலும்புக்கூடு அது. நீங்கள் மூன்றாம் படியில் செய்ததை அதோடு ஒப்பிடுங்கள். சொற்பொருளில் உரைக்கும் உங்களுக்கும் முரண் வந்தால் பெரும்பாலும் உரைதான் சரி, உடனே திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் குருகின் காலை அவள் ஏன் பார்த்தாள் என்பது போன்ற கேள்விகளில் பாட்டின் சொற்கள் இடம் தருகிற வரை உங்கள் பதிலை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

பத்தாம் படி: பயிற்சி

வாரத்துக்கு ஒரு பாட்டு போதும். நான் சொல்லும் வரிசை: 40, 6, 66, 18, 25, 167, 8, 37. திங்கட்கிழமை படித்ததை வெள்ளிக்கிழமை பாராமல் சொல்லிப் பாருங்கள். எந்தச் சொல் மறந்துபோகிறதோ அதை நீங்கள் இன்னும் சரியாகக் கேட்கவில்லை. எழுத விரும்புகிறவர்கள், ‘காதல்’, ‘ஏக்கம்’, ‘கண்ணீர்’, ‘இதயம்’ ஆகிய சொற்களைத் தொடாமல், உங்கள் தெருவில் இன்று கண்ட ஒரே ஒரு பொருளை வைத்து ஐந்து வரி எழுதிப் பாருங்கள். கடினம்தான். கபிலருக்கும் எளிதாக இருந்திருக்காது.

கடைசியாக, உரையில்லாமல் ஒரு பாட்டு. ‘மதுகை’ என்றால் வலிமை, ‘துனி’ என்றால் வருத்தம், ‘பெருநீர்’ இங்கே பெருகிவரும் நீர். யார் பேசுகிறார், அவருக்கு யார் என்ன அறிவுரை சொன்னார்கள், நுரை ஏன் சிறியது, ‘மெல்ல’ ஏன் இரண்டு முறை வருகிறது என்று கேட்டுக்கொண்டே உரக்கப் படியுங்கள். ஆறாம் அடியில் அவசரப்பட வேண்டாம்.

காமம் தாங்குமதி என்போர் தாம் அஃது
அறியலர்கொல்லோ அனை மதுகையர்கொல்
யாம் எம் காதலர்க் காணேம் ஆயின்
செறிதுனி பெருகிய நெஞ்சமொடு பெருநீர்க்
கல் பொரு சிறுநுரை போல
மெல்ல மெல்ல இல்லாகுதுமே.